நான் இல்லாத மாதங்களுக்கான பில்

இரண்டு மாதம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருந்தேன். திரும்பி வந்தால் கதவிடுக்கில் தண்ணீர் பில். மீட்டர் ஒரு எண்கூட நகரவில்லை, பில் மட்டும் தவறாமல் வந்திருந்தது. நிலைக்கட்டணமாம். ஒரு சொட்டுகூடப் பிடிக்காத தண்ணீருக்கு எதற்குக் காசு என்று அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். கவுண்டரில் இருந்த பெரியவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னார்: "நீங்க இல்ல, சரி. குழாய் இருந்துச்சுல்ல சார்?"

அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. கட்டிவிட்டு முணுமுணுத்துக்கொண்டே திரும்பினேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. குழாய் இருந்தது. நான் பூட்டிப் போன இரண்டு மாதமும் மண்ணுக்கடியில் தண்ணீரைத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. நடுராத்திரியில் வந்து திறந்திருந்தாலும் தண்ணீர் கொட்டியிருக்கும். அப்படியென்றால் நான் காசு கொடுப்பது தண்ணீருக்கா, கேட்டபோது தண்ணீர் வரும் என்ற உறுதிக்கா?

அதன் பிறகு கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். குழாய், சாலை, சாக்கடை, பாலம் இவற்றுக்கெல்லாம் யார், எப்போது, எப்படிப் பணம் கட்டுகிறார்கள் என்று. நான் பொறியாளன் இல்லை, பொருளாதாரம் படித்தவனும் இல்லை. பில் கட்டுகிறவன், அவ்வளவுதான் தகுதி.

ஒரு குடிநீர் அமைப்பின் செலவில், நாம் பிடிக்கும் தண்ணீருக்கு ஏற்ப ஏறி இறங்குவது கொஞ்சம்தான். பம்பு ஓட மின்சாரம், குளோரின் மாதிரி ரசாயனங்கள். மற்றபடி புதைத்த குழாய், தொட்டி, சுத்திகரிப்பு நிலையம், வாங்கிய கடனின் தவணை, ஆட்களின் சம்பளம் எல்லாம் ஊரே குழாயை மூடி வைத்தாலும் ஆகிற செலவுதான். குழாயின் அளவுகூட நம் குளியலையும் சமையலையும் வைத்து முடிவாவதில்லை. பல நகரங்களில் தெருக்குழாய் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, தீயணைப்பு வண்டிக்கு ஒரே நேரத்தில் வேண்டியிருக்கும் தண்ணீர். என் தெருவில் இதுவரை தீப்பிடித்ததில்லை. ஆனாலும் பிடிக்காத அந்தத் தீக்கும் சேர்த்துத்தான் நான் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இதிலிருந்து ஒரு விசித்திரம் பிறக்கிறது. செலவு பெரும்பாலும் மாறாதது, வசூலோ பெரும்பாலும் லிட்டர் கணக்கில். வறட்சி வந்தால் சிக்கனமாக இருங்கள் என்பார்கள். மக்களும் சிக்கனமாக இருப்பார்கள். வருமானம் குறையும், தவணை குறையாது. அடுத்த வருடம் லிட்டர் விலையை ஏற்றுவார்கள். "சிக்கனம் பண்ணினதுக்குத் தண்டனையா?" என்று ஊர் கொதிக்கும். கொதித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது யோசித்தால், அதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. நிலைக்கட்டணத்தை ஏற்றியிருந்தால் இந்தத் தலைவலி வந்திருக்காது. ஆனால் அது கொஞ்சமாகப் புழங்குகிறவர் தலையில் அதிகம் விழும். இரண்டில் எது நியாயம் என்பதில் எனக்கு இன்னும் தெளிவு இல்லை.

வேறொரு குழப்பம் தெளிந்தது. ஒரு பாலத்துக்கு யார் பணம் போட்டார்கள் என்பது ஒரு கேள்வி. அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள் என்பது இன்னொரு கேள்வி. வங்கிக் கடனில் வீடு வாங்கியவரைப் பார்த்து, "உங்க வீட்டுக்கு வங்கிதான் பணம் கட்டுச்சாமே" என்று யாரும் சொல்வதில்லை. கட்டுவது அவர், இருபது வருடம். பொதுக் கட்டுமானம் என்று வந்தால் மட்டும் இந்த எளிய கணக்கு மறந்துவிடுகிறது. வெளிநாட்டு வங்கி கொடுத்தது, தனியார் நிறுவனம் கொடுத்தது, பத்திரம் வெளியிட்டுத் திரட்டினோம் என்று செய்தி வரும்போது, அந்தப் பணம் எங்கிருந்தோ வந்து விழுந்த மாதிரி நாமும் தலையாட்டுகிறோம். வந்தது முன்பணம். அதைத் திருப்பிக் கொடுக்கப் பெரும்பாலும் இரண்டு பைதான்: பயன்படுத்துகிறவருடையது, வரி கட்டுகிறவருடையது. நிலத்துக்காரர் என்று ஒரு மூன்றாம் பையும் உண்டு. அதைத் தொட பல அரசுகள் கூச்சப்படும்.

1858 கோடையில் லண்டனில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். ஊர்க் கழிவெல்லாம் தேம்ஸ் ஆற்றில் சேர்ந்து, வெயிலில் நாற்றம் தாங்க முடியாமல் போயிற்று. நாடாளுமன்றத்தின் ஜன்னல் திரைகளைச் சுண்ணக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டும் பயனில்லை. அதுவரை பல வருடம் இழுத்தடித்தவர்கள் 18 நாளில் சட்டம் போட்டார்கள். மூக்கு வரைக்கும் வந்தால்தான் அரசுக்கு வேகம் வரும் போலிருக்கிறது. ஜோசப் பாசல்ஜெட் என்ற பொறியாளரிடம் திட்டம் ஏற்கெனவே தயாராக இருந்தது. இல்லாதது பணம். சட்டம் 30 லட்சம் பவுண்டு கடன் வாங்க அனுமதித்தது. அதை அடைக்க லண்டன் வீடுகளின் மதிப்பில் பவுண்டுக்கு 3 பென்ஸ் வரி, 40 வருடத்துக்கு.

கடைசித் தவணையைக் கட்டியவர்களில் பலர் அந்த நாற்றம் அடித்தபோது பிறந்தே இருக்க மாட்டார்கள். அவர்கள் தலையில் கட்டியது சரியா? சரி என்றுதான் எனக்குப் படுகிறது. அவர்கள் வீட்டுக் கழிவும் அதே சாக்கடையில்தானே போயிற்று! அதன் முக்கியப் பகுதிகள் இன்றைக்கும் வேலை செய்கின்றன. நூறு வருடம் உழைக்கப்போகிற ஒன்றுக்கு நாற்பது வருடக் கடன் என்பது பொருத்தமான கணக்கு. ஐந்து வருடத்தில் பெயர்ந்துவிடும் தார் பூச்சுக்கு முப்பது வருடக் கடன் வாங்குவதுதான் அநியாயம். சாலை போய்விடும், தவணை நிற்கும்.

கடனின் ஆயுளைப் பற்றிப் பேசும்போது நெதர்லாந்தின் ஒரு தோல் துண்டைச் சொல்லாமல் விட மனசில்லை. 1648 மே 15 அன்று, லெக் ஆற்றின் கரைக்காப்பு வேலைக்காக அங்கிருந்த நீர்வாரியம் 1000 கில்டருக்கு ஒரு கடன் பத்திரம் எழுதிக் கொடுத்தது. ஆட்டுத்தோலில் எழுதிய பத்திரம். முதிர்வுத் தேதி கிடையாது, வட்டி மட்டும் என்றென்றைக்கும். 2003-இல் அதை யேல் பல்கலைக்கழகம் பழம்பொருளாக வாங்கியது. 2015-இல் அங்கிருந்து ஒருவர் போய், 12 வருட வட்டி பாக்கி என்று 136 யூரோ 20 சென்ட் வாங்கி வந்தார். வாரியம் மறுபேச்சில்லாமல் கொடுத்தது. கில்டர் போய் யூரோ வந்துவிட்டது, பழைய வாரியம் வேறொரு வாரியத்தோடு இணைந்துவிட்டது, கையெழுத்துப் போட்டவர்களின் எலும்புகூட மிஞ்சியிருக்காது. வாக்கு மட்டும் நிற்கிறது.

அந்த வாரியங்கள் அரசைவிடப் பழையவை. கரை உடைந்தால் எல்லாருமே மூழ்க வேண்டியதுதான் என்ற பயத்தில் பிறந்தவை. இன்றும் அவற்றுக்குத் தனித் தேர்தல், தனி வரி. பழைய காலத்தில் இன்னும் கடுமையான ஒரு முறை இருந்தது. தன் நிலத்துக்கு முன்னால் உள்ள கரையைப் பேண முடியாதவன் மண்வெட்டியைக் கரையில் குத்திவிட்டு, நிலத்தை அப்படியே விட்டுப் போக வேண்டும். அந்த மண்வெட்டியைப் பிடுங்குகிறவனுக்கு நிலம் சொந்தம், கரையும் அவன் பொறுப்பு. கொடூரமான சட்டம்தான். ஆனால் யார் கட்ட வேண்டும் என்பதில் ஒரு சந்தேகமும் இல்லாத சட்டம்.

சந்தேகத்தை எப்படியெல்லாம் உண்டாக்கலாம் என்பதற்கு சிகாகோ. 2008 டிசம்பரில் பட்ஜெட்டில் ஓட்டை. நகரத்தின் சுமார் 36,000 பார்க்கிங் மீட்டர்களை ஒரு தனியார் கூட்டமைப்புக்கு 75 வருடக் குத்தகைக்கு விட்டார்கள். கைக்கு வந்தது 115 கோடி டாலர். ஒப்பந்தம் மன்றத்துக்கு வந்த சில நாட்களிலேயே, 40-க்கு 5 என்ற வாக்கில் நிறைவேறியது. அடுத்த வருடம் நகரத்தின் தலைமைக் கண்காணிப்பாளர் கணக்குப் பார்த்து, மீட்டர்களை நகரமே வைத்திருந்தால் அவற்றின் மதிப்பு இன்னும் 97.4 கோடி டாலர் கூடுதல் என்றார். அதற்குள் கட்டணம் ஏறத் தொடங்கியிருந்தது. வந்த பணத்தின் பெரும்பகுதியும் சில வருடங்களில் பட்ஜெட் ஓட்டையை அடைத்தே தீர்ந்தது. இதில் எனக்கு மிகவும் உறைத்தது ஒரு சின்ன ஷரத்து. நகரம் ஒரு தெருவை மூடினால், அங்கே நிற்கும் மீட்டர்களின் இழப்புக்கு ஈடு கொடுக்க வேண்டும். அதாவது சொந்தத் தெருவைப் பயன்படுத்த நகரம் வாடகை கொடுக்கிறது.

வரி ஏற்றவில்லை, கடனும் வாங்கவில்லை என்று அன்றைக்குச் சொல்லிக்கொள்ள முடிந்தது. எனக்கோ அது அப்பட்டமான கடன். 75 வருடத்துக்கு, வட்டி எவ்வளவு என்று எங்கும் எழுதப்படாத கடன்.

தனியார் என்றாலே மோசம் என்று சொல்ல வரவில்லை. கட்டுமானம் தாமதமானால் நஷ்டம் என்னுடையது என்று உண்மையிலேயே ஒப்புக்கொள்ளும் நிறுவனத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். எவ்வளவு கூடுதல் என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 100 கோடியை 30 வருடத்தில் அடைக்க, 4 சதவீத வட்டியென்றால் மொத்தம் சுமார் 173 கோடி. 8 சதவீதமென்றால் 266 கோடி. பொதுவாக அரசுக்குக் குறைந்த வட்டியில் கிடைக்கும், தனியாருக்கு அதைவிட அதிகத்தில்தான் கிடைக்கும். நடுவில் இருக்கிற அந்த 93 கோடிக்கு ஈடாக அவர்கள் எதைச் சுமக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்புறம், "பயன்படுத்துகிறவரே கட்டட்டும்" என்ற வாதம். கேட்க நியாயமாக இருக்கும், நானும் பல தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் பயன்படுத்துவதை எதை வைத்து அளப்பது? 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்குப் பக்கத்தில் சோதனைச் சாலைகள் போட்டார்கள். ராணுவ வீரர்களை வைத்து அவற்றில் லாரிகளை இரவு பகலாகச் சுற்றி ஓட்டவைத்தார்கள். சாலைக்கு ஏற்படும் சேதம், வண்டியின் ஒரு சக்கர அச்சு தாங்கும் எடையின் கிட்டத்தட்ட நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்று தெரிந்தது. எடை இரண்டு மடங்கானால் சேதம் 16 மடங்கு. ஒரு டன் அச்சோடு பத்து டன் அச்சை ஒப்பிட்டால் 10,000 மடங்கு. பத்து டன் அச்சுள்ள லாரி காரைப் போலப் பத்தாயிரம் மடங்கு டீசல் குடிப்பதில்லை, சில மடங்குதான். ஆக, சாலைக்கான பணத்தை எரிபொருள் வரியில் வசூலித்தால், சின்ன வண்டிக்காரர் பெரிய வண்டிக்காரருக்கும் சேர்த்துக் கட்டுகிறார்.

நியூசிலாந்தில் டீசல் வண்டிகளுக்கு 1978-லிருந்தே கிலோமீட்டர் கணக்கில் கட்டணம். கனரக வண்டிகளுக்கு எடையையும் அச்சுகளின் எண்ணிக்கையையும் பார்த்து ஏறும். 2024 ஏப்ரலிலிருந்து மின்வண்டிகளும் கிலோமீட்டருக்குக் கட்டுகின்றன. அமெரிக்காவிலோ பெட்ரோல் மீதான மத்திய வரி 1993-லிருந்து காலனுக்கு 18.4 சென்ட், அசையவே இல்லை. விலைவாசி ஏறியது, வண்டிகள் குறைவாகக் குடிக்கக் கற்றுக்கொண்டன, மின்வண்டிகள் ஒன்றுமே குடிப்பதில்லை. சாலை மட்டும் முன்பு போலவே தேய்கிறது.

லாரிக்காரரிடம் முழுச் செலவையும் வாங்கினால் அவர் அதைச் சரக்கின் மீது வைப்பார், கடைசியில் அதுவும் நம் தலையில்தான் விழும். உண்மைதான். ஆனாலும் எந்தச் சரக்கு எவ்வளவு சாலையைத் தின்கிறது என்று அப்போது விலையில் தெரியும். அதற்கு மதிப்பு உண்டு.

மூன்றாவது பையைப் பற்றிச் சொன்னேனே, அதில் கைவிட்ட ஊர் ஹாங்காங். ரயில் நிலையம் வந்தால் சுற்றியுள்ள நிலத்தின் விலை எகிறும். மற்ற இடங்களில் அந்த லாபம் அங்கே முன்கூட்டி மனை வாங்கிப் போட்டவருக்குப் போகும். ஹாங்காங்கில், ரயில் வருவதற்கு முன் இருந்த விலையில் கட்டுமான உரிமையை மெட்ரோ நிறுவனத்துக்கே அரசு கொடுக்கிறது. அது கட்டுநர்களோடு சேர்ந்து நிலையத்தின் மேலேயே கட்டடம் எழுப்பி, வரும் லாபத்தில் தண்டவாளம் போடுகிறது. எல்லா இடத்திலும் இது நடக்காது. நிலமெல்லாம் அரசின் கையில் இருக்க வேண்டும், கூட்டமும் நெருக்கமாக இருக்க வேண்டும்.

சரி, பணம் வசூலாகிவிட்டது. அது உரிய இடத்துக்குப் போகிறதா? இந்தச் சந்தேகம் நம் காலத்தது என்று நினைத்திருந்தேன். கி.பி. 97-இல் ரோமின் நீர் ஆணையராகப் பொறுப்பேற்ற ஃப்ரான்டினஸ் எழுதி வைத்ததைப் படித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. வீடுகளுக்குக் குழாய் பிரியும் இடத்தில் வெண்கல வாய் பொருத்த வேண்டுமாம். ஈயம் என்றால் விரித்துவிடுவார்கள், வெண்கலத்தை வளைப்பது கடினம். தெருவுக்கு அடியில் ரகசியக் குழாய்கள் ஓடின. பிரதானக் குழாயைத் துளைத்துத் தண்ணீர் விற்ற ஊழியர்களுக்கென்று ஒரு பட்டப்பெயரே இருந்தது. நீர் உரிமைகளிலிருந்து வருடத்துக்குக் கிட்டத்தட்ட 2,50,000 செஸ்டர்ஸ் நாணயம் வருமானம், பராமரிப்பு ஆட்களுக்காக. அதை டொமிஷியன் பேரரசர் தன் சொந்தப் பெட்டிக்குத் திருப்பிக்கொண்டார். அடுத்து வந்த நெர்வா மக்களுக்கே திருப்பிக் கொடுத்தார். குறிப்பிட்ட வேலைக்கென்று வசூலித்த பணத்தை வேறு பைக்கு மாற்றும் கலைக்கு வயது இரண்டாயிரத்தை நெருங்குகிறது.

இதற்கு நேரெதிரான கதை கம்போடியாவின் புனோம் பென். போர்களில் சிதைந்த ஊர். 1993-இல் சுத்திகரித்து அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதத்துக்குப் பணம் வரவில்லை. ஓட்டையில் ஒழுகியது கொஞ்சம், களவு போனது கொஞ்சம். கள்ள இணைப்புக் கொடுத்தவர்களில் குடிநீர் நிறுவனத்தின் ஊழியர்களே இருந்தார்கள். ஏக் சொன் சான் என்பவர் அந்த நிறுவனத்தின் தலைமைக்கு வந்தார். வீடு வீடாகப் போய் யாருக்கு இணைப்பு இருக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். எல்லா இணைப்புக்கும் மீட்டர், கள்ள இணைப்பைக் காட்டிக் கொடுத்தால் பரிசு, தப்புச் செய்த ஊழியருக்கு வேலை போகும். பெரிய மனிதர்களும் கட்ட வேண்டும் என்றார். மீட்டர் பொருத்தப் போனபோது ஒரு ராணுவ ஜெனரல் என் தலைக்கு நேராகத் துப்பாக்கியை நீட்டினார் என்று ஏக் சொன் சானே சொல்லியிருக்கிறார். அங்கிருந்து போனவர் ஆட்களோடு திரும்பி வந்து ஜெனரலின் இணைப்பைத் துண்டித்தார்.

கட்டணத்தையும் ஏற்றினார்கள். ஊர் கொதித்திருக்க வேண்டும். ஆனால் குழாயில் நாளெல்லாம் தண்ணீர் வரத் தொடங்கியிருந்தது. ஏழைகள் இணைப்புக் கட்டணத்தைத் தவணையில் கட்டலாம் என்றார்கள். குழாய் இல்லாதபோது அவர்கள் குடம் கணக்கில் வாங்கிய தண்ணீர், குழாய்த் தண்ணீரைவிடப் பல மடங்கு விலை. 2010 வாக்கில் அந்த 72 சதவீதம் சுமார் 6 சதவீதமாகச் சுருங்கிவிட்டது. பல பணக்கார நகரங்களால் முடியாத எண். வெளிநாட்டுக் கடனும் மானியமும் இதற்கு உதவின. ஆனால் அந்தக் கடனை அடைக்க வழி செய்தது, ஜெனரலுக்கும் விலக்குத் தராத மீட்டர். மேலே இருப்பவரும் கட்டுகிறார் என்று தெரிந்தால் கீழே இருப்பவர் கட்டத் தயங்குவதில்லை என்று நான் நினைக்கிறேன். நம் கோபமெல்லாம் தொகையைப் பற்றியது என்று அதிகாரிகள் நினைத்துக்கொள்கிறார்கள். பாதிக் கோபம் கட்டாதவரைப் பற்றியது.

கடைசியாக ஒரு கடன். இதற்குப் பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை, எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது. பழுதுபார்க்காமல் விடுவது.

2022 ஜனவரி 28 அதிகாலை, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஃபெர்ன் ஹாலோ பாலம் இடிந்து விழுந்தது. மேலே போய்க்கொண்டிருந்த பேருந்தும் சில கார்களும் பாலத்தோடு கீழே போயின. யாரும் சாகவில்லை, அதிர்ஷ்டம்தான். கட்டமைப்புக்கான முதலீட்டைப் பற்றிப் பேச அப்போதைய அதிபர் பைடன் அதே நாளில் அந்த ஊருக்கு வருவதாக ஏற்கெனவே ஏற்பாடு. கதையில் எழுதினால் மிகை என்பார்கள். விசாரணையில் வெளிவந்த காரணம் மிகச் சாதாரணமானது. மழைநீர் வடிகால்கள் அடைத்துக்கொண்டன. தண்ணீரும் குப்பையும் எஃகுக் கால்களில் தேங்கின. கால்கள் துருப்பிடித்து இற்றுப்போயின. ஆய்வாளர்கள் வருடா வருடம் எழுதியிருக்கிறார்கள், வடிகாலைச் சுத்தம் செய்யுங்கள் என்று. அறிக்கை கோப்பில் சேர்ந்தது. வடிகால் அப்படியே இருந்தது.

புதுப் பாலம் ஒரு வருடத்துக்குள் வந்துவிட்டது. சுமார் 2.5 கோடி டாலர், மத்திய அரசின் பணம். முடிச்சு இங்கேதான் இருக்கிறது. வடிகாலைச் சுத்தம் செய்யும் செலவு நகரத்தின் பட்ஜெட்டில் வரும். பாலம் விழுந்தால் புதுப் பாலத்தின் செலவு வேறு யாருடைய பட்ஜெட்டிலோ வரும். வேண்டுமென்றே யாரும் பாலத்தை விழவிடுவதில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் பணம் பற்றாதபோது எதைத் தள்ளிப்போடுவது என்று யோசித்தால், கை தானாக அந்தச் சுத்தம் செய்யும் செலவுக்குத்தான் போகும். வடிகாலைச் சுத்தம் செய்ததற்கு யாரும் ரிப்பன் வெட்டியதில்லை.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு வியாதி. தினமும் நான் கடக்கும் பாலத்தின் ஓரத்தில் வடிகால் துளைகள் இருக்கின்றன. வண்டியை மெதுவாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகிறேன், பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். நான்காவது துளையில் மண் அடைத்து, அதில் ஏதோ செடி முளைத்திருந்தது. புகார் எழுதினேன். ஒரு எண் கொடுத்தார்கள். இரண்டு வாரம் கழித்து, உங்கள் புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது என்று குறுஞ்செய்தி வந்தது. அதற்கப்புறம் ஒருநாள் மழை விட்ட நேரத்தில் நானே இறங்கி ஒரு குச்சியால் கிளறிப் பார்த்தேன். வேர் ஆழமாகப் போயிருந்தது, குச்சிதான் ஒடிந்தது. நேற்று பார்த்தபோது அந்தச் செடி மஞ்சளாகப் பூத்திருந்தது.